கடைசி வரிசைப் பிள்ளையின் கேள்வி

பாகான் செராய் வட்டார இடைநிலைப்பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் படிவம் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்



போன மாதம் உங்கள் பள்ளிகளில் ஒன்றுக்கு வந்திருந்தேன். எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிறகு என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்வதற்காகச் சிலரை அழைத்திருந்தார்கள். போலீசிலிருந்து ஒருவர், வங்கியிலிருந்து ஒருவர், அவர்களுக்குப் பிறகு ஓய்வுபெற்ற தாதியான நான். எனக்குக் கொடுத்த இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் பழைய புகைப்படங்களைக் காட்டியே போய்விட்டது. கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "ஆண்ட்டி, டாக்டருக்குப் படிக்க மார்க் பத்தாதவங்கதானே மிஸ்ஸி ஆவாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வயல்களுக்கு நடுவே காரில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் சொல்லவேண்டிய பதில் ஒவ்வொன்றாக வந்தது. அவளுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அன்று சிரித்தவர்களுக்கும் இந்தப் பதில் தேவை என்று தோன்றியது.

பத்திரிகைகளில் தாதி என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் செவிலியர் என்கிறார்கள். நம் தோட்டங்களில் எப்போதும் மிஸ்ஸிதான். மலாய்க்காரர்களும் 'மிசி' என்றுதான் கூப்பிடுவார்கள். 1984 முதல் 2022 வரை எனக்கு அதுவே பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆகையால் இந்த மடலிலும் மிஸ்ஸி என்றே எழுதுகிறேன்.

கேள்விக்கு வருகிறேன். டாக்டர் வேலையைப் பாதியாகக் குறைத்தால் மிஸ்ஸி வேலை வரும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள். பெரியவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் என் ஓர் இரவை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆண்கள் அறுவை வார்டு. இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை எனக்கு முறை. அன்று பகலில் வயிற்றில் அறுவை செய்யப்பட்ட ஒரு பெரியவர். பத்து மணிக்கு நாடி 88. பதினொன்றரைக்கு 104. ரத்த அழுத்தம் நன்றாகவே இருந்தது. காய்ச்சல் இல்லை. வலிக்கிறதா ஐயா என்று கேட்டால், இல்லை என்கிறார். காகிதத்தில் பார்த்தால் பயப்பட எதுவுமில்லை. ஆனால் போர்வையைச் சரிசெய்தபோது அவருடைய கால் விரல்கள் சில்லென்று இருந்தன. நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. "தண்ணி குடும்மா, தண்ணி குடும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி பார்த்தேன், நாடி 118. உடம்புக்குள் ரத்தம் கசியும்போது அழுத்தம் உடனே விழாது. இதயம் வேகமாக அடித்துக் கொஞ்ச நேரம் ஈடுகட்டும். அழுத்தம் விழுகிறவரை காத்திருந்தால் நேரம் போய்விடும். டாக்டரைக் கூப்பிட்டேன். ஒரு மணிக்கு முன்பே அவரைத் திரும்ப அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

கிழித்துத் தைத்தவர் டாக்டர். அந்தத் திறமை எனக்குக் கிடையாது. ஆனால் டாக்டருக்கு அந்த இரவில் நான்கு வார்டு. ஒரு நோயாளியிடம் அவர் நிற்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான். மீதி நேரமெல்லாம் அந்தக் கட்டிலருகில் இருப்பது மிஸ்ஸி. எண்ணாக வருவதற்கு முன்னால் தோலில், மூச்சில், குரலில், கண்ணில் வருகிற மாற்றத்தைப் பிடிப்பதுதான் அவள் வேலை. இதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிர், மருந்தியல், மனநலம் எல்லாம் அதில் வரும். மூன்று வருடம் வகுப்பும் வார்டுமாக மாறி மாறிப் படிக்கவேண்டும். மார்க் குறைந்தால் ஒதுங்குகிற இடம் இது என்று எண்ணி வந்தவர்கள் என் காலத்திலும் இருந்தார்கள். இரண்டாம் வருடத்துக்குள் பாதிப்பேர் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். மீதிப்பேர் போய்விட்டார்கள்.

கணக்கு வராது என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். 500 மில்லி உப்புநீரை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். உங்கள் கையில் இருக்கும் குழாயில் ஒரு மில்லிக்கு 20 துளி விழும். நிமிடத்துக்கு எத்தனை துளி விடவேண்டும்? நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 500ஐ 20ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42 வரும். பெருக்கல், வகுத்தல், அவ்வளவுதான். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு, இரண்டு கட்டிலிலிருந்து ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தப்பில்லாமல் போடவேண்டும். இப்போது இதற்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. அந்த இயந்திரத்துக்கு எண்ணைக் கொடுப்பது இன்னமும் மிஸ்ஸியின் விரல்தான்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய பெண் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு அந்த விளக்குப் படத்தின்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. 1854இல் 38 பெண்களை அழைத்துக்கொண்டு கிரிமியப் போரில் காயப்பட்டவர்களைப் பார்க்கப் போனவர் அவர். காயத்தால் செத்தவர்களைவிட அழுக்காலும் தொற்றாலும் செத்தவர்கள்தான் அதிகம் என்பதை எண்ணி, கணக்கிட்டு, வரைபடமாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். இங்கிலாந்தின் புள்ளியியல் கழகம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர்தான். அந்த வரைபடத்தைப் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தால் உங்களில் பல பேர் வேறு மாதிரி யோசித்திருப்பீர்கள். மே 12ஆம் தேதி, அவர் பிறந்தநாளில், எங்களுக்குப் பூ கொடுத்து 'தெய்வப்பணி' என்று பேசுவார்கள். பேசுகிறவர்களின் மனம் நல்ல மனம்தான், ஆனாலும் அந்தச் சொல் எனக்கு ஒப்பாது. தெய்வப்பணி என்று சொல்லிவிட்டால் சம்பளம் கேட்கக் கூச்சமாகிவிடும், ஓய்வு கேட்டால் சுயநலமாகத் தெரியும். இது படித்துச் செய்கிற தொழில். அன்பில்லாமல் செய்ய முடியாது. அன்பு மட்டும் இருந்தாலும் செய்ய முடியாது.

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும்.

பாகான் செராய்க்கு வெளியே, இப்போது செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்போது பால்மரம். அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார். கைக்குழந்தைகளெல்லாம் ஆயாக்கொட்டகையில் இருக்கும். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ள டிரெசர் ஒருவர் இருந்தார். காய்ச்சலுக்கு ஒரு மிக்சர், வயிற்றுப்போக்குக்கு ஒரு மிக்சர், காயத்துக்கு மஞ்சள் மருந்து. அவருக்கு முடியாதது வந்தால் லாரியில் ஏற்றி அனுப்புவார்கள்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அம்மாவுக்குக் காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்த மலாய், சந்தையில் மீன் வாங்கும் மலாய். கேட்டவர்களிடமெல்லாம் 'சாக்கிட்' என்றார். எங்கே என்றால் காலைக் காட்டினார். எப்படிச் சாக்கிட் என்றால் 'பஞ்ஞா சாக்கிட்', ரொம்ப வலி. வலி என்று எழுதிக்கொண்டு வலி மாத்திரை கொடுத்தார்கள். நான்காம் நாள் ஒரு தமிழ் மிஸ்ஸி இரவு முறைக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "என்னம்மா பண்ணுது, கடுக்குதா, குடையுதா, எரியுதா?" என்று கேட்டார். அம்மா நான்கு நாளில் முதல்முறையாக நிறையப் பேசினார். "வலியே இல்ல மிஸ்ஸி. மதமதன்னு கெடக்கு. செருப்புப் போட்டிருக்கனா இல்லையான்னே தெரியல. ராத்திரில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு." மிஸ்ஸி எழுந்துபோய் ஒரு பஞ்சை எடுத்துவந்து அம்மாவின் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். பிறகு டாக்டரிடம் போய்ப் பேசினார். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போயிருந்தது. வலி தெரியாததால்தான் புண் அவ்வளவு தூரம் போயிருந்தது. கட்டு மாறியது, மருந்து மாறியது. ஒரு விரல் போயிற்று. கால் மிஞ்சியது. அம்மா அதற்குப் பிறகும் பல வருடம் அந்தக் காலோடு கோயிலுக்கு நடந்தார்.

அந்த மிஸ்ஸி பெரிதாக வேறு எதுவும் செய்யவில்லை. சரியான சொல்லில் கேட்டார். தமிழில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, விறுவிறுப்பு, மதமதப்பு. பாட்டிமார் இவற்றை ஒன்றுக்கு இன்னொன்று மாற்றிச் சொல்லமாட்டார்கள். குடைச்சல் வேறு, கடுப்பு வேறு. ஒவ்வொன்றும் உடம்பின் ஒவ்வோர் இடத்தை, ஒவ்வொரு காரணத்தைக் காட்டும். மலாயிலும் இப்படிச் சொற்கள் ஏராளமாக உண்டு. ஆனால் தோட்டத்திலேயே வாழ்ந்து முடித்த ஒரு கிழவிக்கு அந்த மலாய் தெரியாது. நாடி, மூச்சு, வெப்பம், ரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் ஐந்தாவது குறியாகக் கேட்டுப் பதியவேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு 2008இல் கொண்டுவந்தது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்போம். "பத்துக்கு எவ்வளவு பாட்டி?" என்றால், "அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும், சும்மா கொத்திப் பிடுங்குது" என்பார்கள். அந்தக் கொத்திப் பிடுங்குதலை எட்டு என்று எழுதுவதா, ஒன்பது என்று எழுதுவதா என்பதை அந்த மொழிக்குள் பிறந்த ஆள்தான் தீர்மானிக்க முடியும்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கொஞ்சம் ஆங்கிலம், சிலருக்கு நண்பர்களோடு பழகிய ஹொக்கியன். இந்த நான்கும் வார்டில் நான்கு கருவிகள். பாகான் செராயில் பிறந்ததால் உங்களுக்கு இது சும்மா கிடைத்திருக்கிறது.

இந்தக் கருவிகள் எங்கே தேவை என்று பார்க்க, இன்றைக்கு உங்கள் தெருவில் டயாலிசிசுக்குப் போய்வருகிறவர்களை எண்ணுங்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தாரைவிட அதிகம். கால் போனவர், கண் மங்கியவர், வாரத்துக்கு மூன்று நாள் ஊசிக்குழாயோடு படுத்திருப்பவர் என்று நம் குடும்பங்களில் ஒருவராவது இருக்கிறார். அவர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றி அவர்கள் மொழியில், அவர்கள் அடுப்பங்கரையைத் தெரிந்து சொல்ல ஆள் வேண்டும். "சோற்றைக் குறையுங்கள்" என்று காகிதம் கொடுப்பது சுலபம். காலையில் ரொட்டிச் சானாய், பத்து மணிக்கு இனிப்புத் தேத்தண்ணி, மத்தியானம் மலைபோலச் சோறு என்று போகிற ஒரு நாளில் எதை முதலில் விடச் சொன்னால் அந்த மனுசன் கேட்பார் என்று தெரிந்திருப்பது மிஸ்ஸியின் அறிவு.

நம் பேராக் மாநிலத்திலேயே ஒரு மிஸ்ஸி இருந்தார். அவரைப் பற்றிப் பள்ளியில் ஒரு வரி படித்திருக்கலாம். சிபில் கார்த்திகேசு. 1899இல் மேடானில் பிறந்த யூரேசியப் பெண். தாதிமையும் பேறுகாலப் பணியும் படித்தவர். அவரை மணந்த டாக்டர் கார்த்திகேசு, தைப்பிங்கில் பிறந்த யாழ்ப்பாண வழித் தமிழர். இருவரும் ஈப்போவில் புரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரர்கள் படையெடுத்து வந்ததும் பாப்பான் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார்கள். மெயின் வீதி 74ஆம் எண் வீடு. சிபில் கண்டனீஸ் சரளமாகப் பேசுவார். ஊர்ச் சீனர்கள் நம்பி வந்தார்கள். கையில் காசில்லாதவர்களும் வந்தார்கள். பிறகு காட்டிலிருந்து, ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்கள் இரவில் காயத்தோடு வந்தார்கள். அவர்களுக்கும் கட்டுப் போட்டார், மருந்து கொடுத்தார். 1943இல் ஜப்பானியர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஈப்போவிலும் பத்து காஜாவிலும் வைத்து, உதவி பெற்றவர்களின் பெயரைச் சொல்லச் சொல்லிச் சித்திரவதை செய்தார்கள். சின்ன மகளைக் கண்முன்னே நெருப்புக்கு மேல் தொங்கவிடும்வரை போனார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்து வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948 ஜூன் 12ஆம் தேதி ஸ்காட்லாந்தில் இறந்தார். அடுத்த வருடம் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

இதை நீங்களும் உயிரைக் கொடுக்கவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வீரம் என்று எல்லாரும் சொல்லும் அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, பிடிபடுவதற்கு முந்தைய மாதங்கள். கதவைத் தட்டுகிற ஆள் யார், எந்தக் கட்சி, எந்த இனம் என்று பார்க்காமல் புண்ணைப் பார்த்த அந்தப் பழக்கம். அதைப் பயிற்சியில் கற்றிருந்தார். வார்டில் நாங்கள் தினமும் செய்வது அதையேதான். குடித்துவிட்டு வண்டியை மோதியவரும் மோதப்பட்டவரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடப்பார்கள். இருவருக்கும் அதே கட்டு, அதே மருந்து, அதே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல்.

ஆபத்தைப் பற்றி மறைக்கமாட்டேன். 1998இன் கடைசியில் நம் கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் ஒரு காய்ச்சல் தொடங்கியது. நெகிரி செம்பிலானுக்குப் பரவி, அங்கே சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் நிப்பா கிருமி என்று அழைக்கப்பட்டது. 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பண்ணையில் வேலை செய்த நம்மவர்களும் உண்டு. அதே கிருமி 2018 மே மாதம் கேரளாவில் கோழிக்கோடு மாவட்டத்தில் தோன்றியபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த லினி என்ற தாதிக்குத் தொற்றியது. இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். சாகும்போது கணவருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றே. கையுறை, முகக்கவசம், கைகழுவுதல், தனி அறை ஆகியவற்றைப் பயிற்சியில் சலிப்பாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வையாளர் கவசம் தராமல் உள்ளே போகச் சொன்னால், கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

மற்றக் கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். முதுகு வலிக்கும். தீபாவளிக்கு முறை விழும். பொங்கலன்று பானை பொங்குவதை வீடியோவில் பார்ப்பீர்கள். சில உறவினர்கள் கத்துவார்கள். நீங்கள் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்ட ஆள் ஒருநாள் காலையில் கட்டிலில் இருக்கமாட்டார். அரசாங்கத் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் திட்டம் 2024இல் வந்தபோது சங்கத்தினர் எதிர்த்தார்கள். எதிர்த்ததால் அது அப்போது தள்ளிவைக்கப்பட்டது. அவர்கள் கேட்டது நியாயம் என்று ஓய்வுபெற்ற நானும் சொல்கிறேன். களைத்த கண் நாடி 104ஐ 84 என்று படிக்கும். ஆள் போதவில்லை என்பதுதான் இதற்கெல்லாம் வேர். இங்கே படித்த பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் இங்கிலாந்துக்கும் போகிறார்கள். 2030க்குள் ஏறக்குறைய 60 விழுக்காடு தாதியர் பற்றாக்குறை ஏற்படலாம் என்று சுகாதார அமைச்சரே சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இதே நாட்டிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்குத் தாதிமை படிக்கப் போய், அங்கேயே வார்டுகளை நடத்தினார்கள். இந்தச் சான்றிதழுக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு என்று உங்கள் பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

ஆண்பிள்ளைகள் சிலர் இந்த மடலைப் பாதியிலேயே மடித்துவைத்திருப்பீர்கள். திறந்து படியுங்கள். தாதிமைப் படிப்புக்கு இன்று ஆண்களும் போகிறார்கள். எலும்பு முறிவு வார்டிலும் மனநல வார்டிலும் அவசரப் பிரிவிலும் அவர்கள் இல்லாமல் காரியம் நடக்காது. இதோடு மருத்துவ உதவி அதிகாரி என்று இன்னொரு பட்டயப்படிப்பும் உண்டு. எங்கள் தோட்டத்து டிரெசரின் வழித்தோன்றல் அந்த வேலைதான். அவசர வண்டியிலிருந்து முதலில் இறங்குகிற ஆள் பெரும்பாலும் அவர்தான்.

இனி வழியைச் சொல்கிறேன். எஸ்.பி.எம்.மில் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். மலாயிலும் வரலாற்றிலும் தவறினால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். மொத்தம் எத்தனை கிரெடிட் என்பதை அரசாங்கம் அவ்வப்போது மாற்றியிருக்கிறது. அதனால் அக்காவோ அண்ணனோ சொன்னதை நம்பாமல், விண்ணப்பிக்கிற வருடத்து நிபந்தனையைப் படியுங்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு எஸ்.பி.ஏ. என்று நாம் சொல்லும் பொதுச்சேவை ஆணையத்தின் வழியாக மனுச் செய்யவேண்டும். நம் மாநிலத்தில் உலு கிந்தாவில் சுல்தான் அஸ்லான் ஷா பெயரில் ஒரு பயிற்சிக் கழகம் இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பும் உண்டு. எங்கே படித்தாலும் கடைசியில் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் பெயரைப் பதிந்தால்தான் சீருடை போட முடியும். அதற்குப் பிறகும் படிப்பு நிற்காது. சிறுநீரகம், தீவிர சிகிச்சை, பேறுகாலம், குழந்தைகள், அறுவை அறை என்று ஒவ்வொன்றுக்கும் 'போஸ்ட் பேசிக்' படிப்பு இருக்கிறது. நான் நாற்பத்திரண்டு வயதில் சிறுநீரகப் பிரிவுக்குப் படித்தேன். என்னோடு படித்தவர்கள் என் மகள் வயது.

தனியார் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2010ஐ ஒட்டிய வருடங்களில் தனியார் கல்லூரிகளில் தாதிமை படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை கிடைக்காமல் நின்றார்கள். பி.டி.பி.டி.என். கல்விக்கடன் மட்டும் தலைமேல் நின்றது. எனக்குத் தெரிந்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வாரியத் தேர்வில் இரண்டுமுறை தவறி, கடையில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனாள். அவள் மூளை குறைந்தவள் இல்லை. அவளுக்கு வார்டில் போதிய நாள் பயிற்சி கொடுக்கப்படவே இல்லை. கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆனால் தனியாரில் சேருமுன் நான்கு கேள்விகளைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாரியத்தின் அங்கீகாரம் இன்னமும் நடப்பில் இருக்கிறதா, போன வருடம் வாரியத் தேர்வில் எத்தனை பேர் உட்கார்ந்து எத்தனை பேர் தேறினார்கள், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை வாரம் பயிற்சி, படிப்பு முடியும்போது மொத்தக் கடன் எவ்வளவு. பதிலைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்புகிற கல்லூரி வேண்டாம்.

அம்மா அப்பாக்களுக்கும் ஒன்று. "பொம்பளப் பிள்ள ராத்திரி வேலைக்குப் போறதா" என்று என் அப்பாவும் கேட்டார். அந்தத் தமிழ் மிஸ்ஸி அன்று இரவு வேலைக்கு வராமல் இருந்திருந்தால் தன் கால் என்னவாகியிருக்கும் என்று அம்மாவே அவரிடம் திருப்பிக் கேட்டார். மறுநாள் காலை அப்பா தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் போய் மனுத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

முடிவெடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். யாரையாவது பார்க்க பாரிட் புந்தார் மருத்துவமனைக்கோ, ரயிலேறி புக்கிட் மேரா ஏரியைக் கடந்து தைப்பிங் பெரியாஸ்பத்திரிக்கோ போகிற நாள் வரும். அப்போது போனைப் பையில் போட்டுவிட்டு அரை மணி நேரம் அந்த வார்டின் மிஸ்ஸியை மட்டும் பாருங்கள். நோயாளியின் முகத்தை எத்தனைமுறை பார்க்கிறார், எந்தக் கட்டிலைத் தாண்டும்போது நடை மெதுவாகிறது, மருந்து கொடுக்குமுன் பெயரை எதற்காக மறுபடி கேட்கிறார் என்று கவனியுங்கள். அந்த அரை மணி நேரம் உங்களுக்குச் சலித்தால் வேறு படிப்புக்குப் போங்கள், அதில் குற்றமில்லை. "அந்த ஐந்தாவது கட்டில்காரருக்கு என்னவோ சரியில்லை" என்று உங்களுக்கே தோன்றினால், என்னிடம் வாருங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் டீச்சருக்கு வழி தெரியும். அடையாள அட்டையும், பள்ளித் தேர்வு மார்க் தாளும், ஒரு பென்சிலும் கொண்டுவாருங்கள். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு உழைக்கவேண்டும் என்று உட்கார்ந்து பார்ப்போம். கணக்கு வராதவர்களுக்குத் துளிக்கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையையும் கூட்டிவாருங்கள். அவள் பெயர் எனக்குத் தெரியாது.

அன்புடன்,
உங்கள் ஊர் மிஸ்ஸி